சீனப் பெண்களின் கால் கட்டும் வழக்கம்

சீனப் பெண்களின் கால் கட்டும் வழக்கம் என்பது சிறுமிகளின் பாதங்களை நீண்ட துணிப்பட்டையால் இறுகச் சுற்றிக் கட்டி, அவற்றை இயல்பாக வளரவிடாமல் தடுத்து, சிறிதாகவும் கூர்மையாகவும் மாற்றிய பழக்கமாகும். சீன மொழியில் இது 'சான்சூ' எனப்பட்டது. சுற்றிக் கட்டிய பாதம் என்பது இச்சொல்லின் பொருள். ஏறத்தாழ 10-ஆம் நூற்றாண்டில் அரண்மனை வட்டாரத்தில் தோன்றியதாகக் கருதப்படும் இவ்வழக்கம், பிற்காலத்தில் உழவர் குடும்பங்கள் வரை பரவி, 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை நீடித்தது. அழகு, திருமணம், குடும்ப மதிப்பு, பெண்களின் உழைப்பு ஆகிய நான்கும் இதில் பின்னிக் கிடந்தன. பல நூற்றாண்டுகளாக அரச ஆணைகளுக்குக்கூட அசையாத இவ்வழக்கம், பல பகுதிகளில் ஒரே தலைமுறைக் காலத்தில் மறைந்துபோனது வரலாற்றாசிரியர்களையும் சமூகவியலாளர்களையும் தொடர்ந்து ஈர்த்து வருகிறது.

தோற்றம்

இவ்வழக்கத்தின் தொடக்கம் குறித்துப் பல கதைகள் வழங்குகின்றன. அவற்றுள் பரவலாக அறியப்பட்டது, தென் தாங் நாட்டின் கடைசி அரசரான லி யூவின் (ஆட்சிக்காலம் 961–975) அவையில் இருந்த யாவ் நியாங் என்னும் நடனப் பெண்ணைப் பற்றியது. பொன்னால் செய்த தாமரை வடிவ மேடையில் ஆடுவதற்காக அவள் தன் பாதங்களைப் பிறை நிலவுபோல வளைத்து வெண்பட்டால் கட்டிக்கொண்டாள் என்றும், அதைக் கண்ட மற்றப் பெண்கள் அவளைப் பின்பற்றினர் என்றும் கதை கூறுகிறது. அதற்கும் முன்னர், 5-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென் சி நாட்டின் அரசர் ஒருவர் தரையில் பொற்றாமரை மலர்களைப் பதித்து, அவற்றின்மேல் தன் காதற்கிழத்தியை நடக்கச் செய்தார் என்ற கதையும் உண்டு. சிறுபாதத்துக்குப் 'பொற்றாமரை' என்ற பெயர் வழங்கியதற்கு இக்கதைகள் காரணமாகக் கூறப்படுகின்றன.

கதைகளை விட்டுச் சான்றுகளுக்கு வந்தால், சொங் அரசமரபுக் காலத்தில் (960–1279) இவ்வழக்கம் மேற்குடிப் பெண்களிடையே வேரூன்றிவிட்டது தெரிகிறது. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாங் பாங்ஜி என்ற அறிஞர், கால் கட்டும் பழக்கம் அண்மைக் காலத்தில் தோன்றியது என்றும், பழைய நூல்களில் இதைப் பற்றிய குறிப்பு இல்லை என்றும் எழுதியுள்ளார். 1975-ஆம் ஆண்டு புஜியான் மாநிலத்தின் பூச்சௌ நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஹுவாங் ஷெங் என்ற பெண்ணின் கல்லறை முக்கியமான சான்றாகும். அரச குலத்தோடு தொடர்புடைய குடும்பத்தில் மணம் முடித்த அப்பெண், 1243-ஆம் ஆண்டு 17 வயதில் இறந்தவர். அவரது பாதங்களில் மெல்லிய துணிப்பட்டை சுற்றப்பட்டிருந்தது. கல்லறையில் கிடைத்த காலணிகள் 13 முதல் 14 சென்டிமீட்டர் நீளமே இருந்தன. அக்காலக் கட்டு பாதத்தை ஒடுக்கிக் குறுக்கியதேயன்றி, பிற்காலத்தைப் போல எலும்பை மடித்து வளைக்கும் அளவுக்குச் செல்லவில்லை என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். காலம் செல்லச் செல்லத்தான் அளவு சிறுத்தது, வலி பெருகியது.

கட்டும் முறை

பெரும்பாலும் 5 முதல் 7 வயதுக்குள் கட்டு தொடங்கும். எலும்பு இன்னும் முற்றாமல் வளைந்துகொடுக்கும் வயது அது. குளிரில் கால் மரத்திருக்கும் என்பதால் பலர் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தனர். சில பகுதிகளில் நல்ல நாள் பார்த்து, தெய்வத்துக்குப் படையலிட்ட பின்னரே கட்டினர். கட்டுபவர் பெரும்பாலும் தாய். சில வீடுகளில் பாட்டி அல்லது ஊரில் கைதேர்ந்த வேறொரு பெண்.

முதலில் பாதத்தை வெந்நீரில் ஊறவைத்து நகங்களை ஒட்ட வெட்டுவர். பெருவிரலை மட்டும் விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களையும் உள்ளங்காலுக்கு அடியில் மடக்கி, சுமார் 3 மீட்டர் நீளமுள்ள துணிப்பட்டையால் இறுக்கிச் சுற்றுவர். பிறகு முன்பாதத்தையும் குதிகாலையும் ஒன்றையொன்று நெருங்குமாறு இழுத்துக் கட்டுவர். பட்டை தளர்ந்துவிடாமல் இருக்க அதன் முனையைத் தைத்துவிடுவதும் உண்டு. சில நாள்களுக்கு ஒருமுறை பட்டையை அவிழ்த்து, புண்களைக் கழுவி, முன்னைவிட இறுக்கமாகக் கட்டுவர். கட்டிய காலோடு சிறுமியை நடக்கச் செய்வர். உடல் எடை அழுத்த அழுத்த விரல் எலும்புகள் மடங்கும், சில வேளைகளில் முறியும். பாதவளைவு மேல்நோக்கி வளைந்து, உள்ளங்காலின் நடுவே ஆழமான பள்ளம் உண்டாகும். இரண்டு மூன்று ஆண்டுகளில் பாதம் விரும்பிய வடிவத்தை அடையும். ஆயினும் கட்டு வாழ்நாள் முழுவதும் தேவைப்பட்டது.

சீழ் பிடித்தல், விரல்கள் அழுகி உதிர்தல், நச்சுக் காய்ச்சல் ஆகியவை நேர்ந்தன. உயிரிழப்பும் உண்டு. ஒரு சோடிச் சிறுபாதத்துக்கு ஒரு சாடிக் கண்ணீர் என்று சீனத்தில் வழங்கிய பழமொழி, இவ்வேதனையை அச்சமூகம் நன்கு அறிந்தே இருந்தது என்பதைக் காட்டுகிறது.

அளவுகோலும் அழகும்

பாதத்தின் நீளம் 'சுன்' என்ற சீன அளவால் கணக்கிடப்பட்டது. 3 சுன், அதாவது ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளமுள்ள பாதம் பொற்றாமரை எனப்பட்டது. இது ஒரு சாணில் பாதிக்கும் குறைவு. 4 சுன் நீளமுள்ளது வெள்ளித் தாமரை, அதைவிடப் பெரியது இரும்புத் தாமரை. நடைமுறையில் 3 சுன் அளவை எட்டியவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலான பெண்கள் எட்ட முடியாத ஓர் அளவோடு தம்மை ஒப்பிட்டுக்கொண்டே வாழ்ந்தனர்.

மெச்சப்பட்டது வெறும் பாதமன்று என்பது கவனிக்கத்தக்கது. கட்டவிழ்ந்த பாதத்தைக் கணவன்கூடப் பார்ப்பது அரிது. படுக்கையிலும் மென்மையான இரவுக் காலணி அணிந்தனர். பூத்தையல் செய்த பட்டுக் காலணியும், அதனால் உண்டான சிற்றடி நடையுமே அழகு எனப்பட்டன. காலணி தைப்பது பெண்கள் தாயிடமிருந்து கற்ற கலையாக இருந்தது. மணப்பெண் தன் கையால் தைத்த காலணிகளைப் புகுந்த வீட்டுப் பெண்களுக்குக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அதனைக் கொண்டு மருமகளின் கைத்திறனை மாமியார் மதிப்பிட்டார். டோரதி கோ என்ற வரலாற்றாசிரியர் தம் நூல்களில் இந்தக் காலணிகளைச் சான்றாகக் கொண்டு, பெண்கள் இவ்வழக்கத்தில் வலியோடு பெருமிதத்தையும் உணர்ந்தனர் என்று எடுத்துக்காட்டியுள்ளார். வலியை மட்டும் பார்த்தால், தாய்மார் ஏன் தலைமுறை தலைமுறையாக இதைத் தம் மகள்களுக்குச் செய்தனர் என்பது விளங்காது.

திருமணச் சந்தையில் பாதம்

பெண் பார்க்கும்போது முகத்தைக் காட்டிலும் பாதமே முதலில் விசாரிக்கப்பட்டது. முகம் பிறப்பில் அமைவது, அதற்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் பாதம் பெரிதாக இருந்தால் அது தாயின் கவனக்குறைவு, மகளின் சோம்பல் என்று கருதப்பட்டது. சிறுபாதம் பொறுமைக்கும் அடக்கத்துக்கும் நல்வளர்ப்புக்கும் அடையாளமாயிற்று. எனவே கால் கட்டாத மகளை வைத்திருந்த தாய், மகள்மேல் இரக்கம் கொண்டவள் என்று பெயர் எடுக்கவில்லை. மகளின் வாழ்வைக் கெடுத்தவள் என்றே பழிக்கப்பட்டாள்.

1867-இல் ஷான்டோங் மாநிலத்தின் பெங்லாய் நகரில் பிறந்த நிங் என்ற உழைக்கும் பெண்ணின் வாழ்க்கை வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர் சொல்லச் சொல்ல அமெரிக்கரான ஐடா புரூயிட் எழுதிய நூல் 1945-இல் வெளிவந்தது. ஓடி விளையாடுவதில் பெருவிருப்பம் கொண்ட குழந்தை என்பதால் நிங்குக்கு 7 வயது வரை கட்டுப் போடவில்லை. கட்டிய பின் நோய்வாய்ப்பட்டதால் அவிழ்க்க நேர்ந்தது. 9 வயதில் மீண்டும் கட்டினர். திருமணமான பின், அபினுக்கு அடிமையான கணவன் வீட்டுப் பொருள்களை மட்டுமன்றித் தம் மகளையே விற்றான். அந்தக் கட்டிய கால்களோடுதான் நிங் தெருக்களில் பிச்சையெடுத்தார். வீட்டு வேலை செய்து பிள்ளைகளைக் காப்பாற்றினார். நல்ல இடத்தில் மணம் முடிக்கும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்ட கட்டு, நல்வாழ்வுக்கு எவ்வித உறுதியும் தரவில்லை.

யுங் சாங் எழுதி 1991-இல் வெளிவந்த 'வைல்டு ஸ்வான்ஸ்' என்ற குடும்ப வரலாற்று நூலும் இதைப் பேசுகிறது. நூலாசிரியரின் பாட்டிக்கு 2 வயதிலேயே கால் கட்டப்பட்டது. குழந்தை கெஞ்சி அழுதபோது தாயும் அழுதார். ஆனாலும் கட்டை அவிழ்க்கவில்லை. மகளின் எதிர்காலத்துக்காகவே இதைச் செய்வதாக அத்தாய் நம்பினார்.

உழைப்பும் கட்டிய காலும்

கால் கட்டும் வழக்கம் வேலை செய்யத் தேவையில்லாத செல்வர் வீட்டுப் பெண்களுக்கு உரியது என்ற கருத்து நீண்ட காலம் நிலவியது. சிங் அரசமரபுக் காலத்தில் (1644–1912) வட சீனத்தின் பல பகுதிகளில் ஏழை உழவர் வீட்டுப் பெண்களும் கால் கட்டியிருந்தனர். லாரல் பாசன், ஹில் கேட்ஸ் ஆகிய மானிடவியலாளர்கள் கிராமங்களில் வாழ்ந்த முதிய பெண்களை ஆயிரக்கணக்கில் நேர்கண்டு 2017-இல் வெளியிட்ட நூலில், இதற்கு ஒரு பொருளியல் விளக்கம் தந்துள்ளனர். கால் கட்டிய சிறுமி ஓடியாட முடியாமல் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பாள். நூல் நூற்றல், நெசவு, பாய் முடைதல் போன்ற கைவேலைகளில் சிறு வயதிலேயே ஈடுபடுத்தப்படுவாள். அவளது கையுழைப்பு குடும்பத்துக்கு வருவாய் ஈட்டித் தந்தது. ஆலையில் நூற்ற நூலும் ஆலைத் துணியும் சந்தைக்கு வந்து கைவேலையின் மதிப்பு குறைந்த இடங்களில் கால் கட்டுவதும் குறைந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. அழகு என்றும் மரபு என்றும் பேசப்பட்ட ஒன்றின் அடியில் சிறுமிகளின் உழைப்பு மறைந்திருந்தது என்பதை இவ்வாய்வு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

கட்டாத பெண்கள்

சீனப் பெண்கள் அனைவரும் கால் கட்டவில்லை. வயல்வேலையில் ஆண்களுக்கு நிகராக உழைத்த ஹக்கா இனப் பெண்கள், தென் சீனத்தில் படகுகளிலேயே வாழ்ந்த மக்கள், ஹான் அல்லாத பல இனத்தவர் ஆகியோர் இவ்வழக்கத்தை மேற்கொள்ளவில்லை. சீனத்தை ஆண்ட மஞ்சு இனப் பெண்களுக்குக் கால் கட்டுவது தடைசெய்யப்பட்டிருந்தது. ஆயினும் சிறுநடையின் மீதான மோகம் அவர்களையும் விடவில்லை. அடிப்பகுதியின் நடுவில் உயரமான மரக்கட்டை பொருத்திய காலணிகளை அணிந்து, கட்டிய கால்களின் தள்ளாட்ட நடையைப் போன்ற நடையை அவர்கள் பெற்றனர்.

மஞ்சு அரசர்கள் ஹான் மக்களிடையேயும் இவ்வழக்கத்தைத் தடுக்க முயன்றனர். காங்சி பேரரசர் காலத்தில் 1664-இல் விதிக்கப்பட்ட தடை, நடைமுறைப்படுத்த இயலாமல் 1668-இல் திரும்பப் பெறப்பட்டது. நாடு முழுவதும் செல்லுபடியான ஆணை, வீட்டின் உள்ளறையில் தாயும் மகளும் அமர்ந்து செய்த ஒரு செயலைத் தொட முடியவில்லை.

தொடக்ககால எதிர்ப்புகள்

13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த செ ருவோஷுய் என்ற அறிஞர், நான்கைந்து வயதுகூட நிரம்பாத குற்றமற்ற குழந்தைகளை இவ்வாறு வருத்துவதால் என்ன பயன் என்று வினவியதே இவ்வழக்கத்துக்கு எதிரான முதல் குரலாகக் கருதப்படுகிறது. 18-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் யுவான் மெய் இதனைக் கண்டித்தார். லி ருசென் எழுதி 1820-களின் இறுதியில் அச்சான 'ஜிங்ஹுவா யுவான்' என்ற புதினம் இப்பொருளைத் தலைகீழாக்கிக் காட்டியது. பெண்கள் ஆளும் நாடு ஒன்றில் அகப்பட்டுக்கொள்ளும் வணிகன் ஒருவனுக்குக் காது குத்திக் கால் கட்டுகிறார்கள். அவன் படும் பாட்டின் மூலம், பெண்கள் நாள்தோறும் படும் வலியை ஆண் வாசகர்கள் உணருமாறு ஆசிரியர் செய்தார்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நிகழ்ந்த தைப்பிங் கிளர்ச்சியின் (1850–1864) தலைவர்களில் பலர் ஹக்கா இனத்தவர். அவர்கள் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் கால் கட்டுவதைத் தடைசெய்தனர். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதும் அத்தடையும் மறைந்தது.

உறுதிமொழிச் சங்கங்கள்

உண்மையான மாற்றம் சங்கங்களின் வழியே வந்தது. 1870-களின் நடுவில் சியாமென் துறைமுக நகரில் ஜான் மக்கவன் என்ற பாதிரியார் கூட்டிய கூட்டத்தில் கிறித்தவச் சீனப் பெண்கள் சுமார் 60 பேர் கூடி, தம் மகள்களுக்குக் கால் கட்டுவதில்லை என்று உறுதியேற்றனர். 1895-இல் ஷாங்காய் நகரில் அலிசியா லிட்டில் என்ற ஆங்கிலப் பெண்மணி 'தியான்சூ' சங்கத்தைத் தொடங்கினார். வானம் தந்த பாதம், அதாவது இயற்கைப் பாதம் என்பது அதன் பொருள். மதச் சார்பின்றி இயங்கிய இச்சங்கம் துண்டறிக்கைகள், கூட்டங்கள், கட்டிய பாதத்தின் படங்கள் ஆகியவற்றால் பரப்புரை செய்தது.

சீனச் சீர்திருத்தவாதிகளும் இதே காலத்தில் களமிறங்கினர். காங் யூவெய் (1858–1927) உறவினரின் எதிர்ப்பையும் மீறித் தம் மகளுக்குக் கால் கட்ட மறுத்தார். 1898-இல் இவ்வழக்கத்தைத் தடைசெய்யுமாறு பேரரசருக்கு விண்ணப்பம் அளித்தார். அவருடைய மாணவர் லியாங் சிச்சாவும் நண்பர்களும் 1897-இல் ஷாங்காயில் கால் கட்டா இயக்கச் சங்கத்தை நிறுவினர். அதன் விதிகள் நுட்பமானவை. உறுப்பினர் தம் மகளுக்குக் கால் கட்டக் கூடாது. மகனுக்குக் கால் கட்டிய பெண்ணை எடுக்கக் கூடாது. ஏற்கெனவே கட்டப்பட்ட 8 வயதுக்குட்பட்ட சிறுமிகளின் கட்டை அவிழ்த்துவிட வேண்டும். அதற்கு மேற்பட்டு அவிழ்க்க இயலாத பெண்களின் பெயரைச் சங்கத்தில் பதிவு செய்தால் அவர்கள் உறுப்பினர் வீடுகளில் மணமுடிக்கலாம்.

இவ்விதிகளின் வலிமையை அமெரிக்க அறிஞர் ஜெர்ரி மேக்கி 1996-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கியுள்ளார். கால் கட்டுவது தீது என்று ஒரு குடும்பம் உணர்ந்தாலும், அது தனியாக நிறுத்தினால் இழப்பு அந்த வீட்டுப் பெண்ணுக்கே. பல குடும்பங்கள் ஒரே நேரத்தில் நிறுத்தி, தமக்குள் பெண் கொடுத்து எடுத்துக்கொண்டால் யாருக்கும் இழப்பில்லை. மனமாற்றம் மட்டும் போதாது, மற்றவரும் மாறுகிறார்கள் என்ற உறுதி தேவை. அந்த உறுதியைத்தான் சங்கங்கள் அளித்தன.

சட்டங்களும் சியூ ஜின்னும்

1902-இல் பேரரசித் தாய் சிசி, ஹான் மக்கள் இவ்வழக்கத்தைக் கைவிட ஊர்ப் பெரியோர் அறிவுறுத்த வேண்டும் என்று ஆணை வெளியிட்டார். தண்டனை ஏதும் அதில் குறிக்கப்படவில்லை. 1912-இல் குடியரசு மலர்ந்ததும் சுன் யாட்-சென் தலைமையிலான தற்காலிக அரசு கால் கட்டுவதைத் தடைசெய்தது. ஜப்பானிய ஆட்சியில் இருந்த தைவானில் 1915-இல் தடை வந்தது. 1928-இல் தேசியவாத அரசும், 1950-இல் மக்கள் குடியரசும் மீண்டும் ஆணைகள் பிறப்பித்தன.

இக்காலத்தின் புகழ்பெற்ற பெண்குரல் சியூ ஜின் (1875–1907). கட்டிய கால்களோடு வளர்ந்து, பெற்றோர் விருப்பப்படி மணந்த இவர், 1904-இல் கணவரையும் பிள்ளைகளையும் விட்டு ஜப்பானுக்குப் படிக்கச் சென்றார். தம் கால்கட்டை அவிழ்த்தெறிந்து, பெண்கல்விக்காகவும் கால் கட்டுவதற்கு எதிராகவும் எழுதினார், பேசினார். மஞ்சு ஆட்சிக்கு எதிரான புரட்சியில் ஈடுபட்டமைக்காக 1907 ஜூலை 15 அன்று ஷாவ்சிங் நகரில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார்.

இடையில் சிக்கிய பெண்கள்

சீர்திருத்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத பக்கம் ஒன்று உண்டு. பழைய அழகுக்காகக் கால் கட்டப்பட்ட பெண்கள், அந்த அழகே இழிவாகிப்போன காலத்தில் வாழ நேர்ந்தது. சிறுபாதங்களின் படங்கள் நாட்டின் பின்தங்கிய நிலைக்கு அடையாளமாக உலகெங்கும் காட்டப்பட்டன. வலுவற்ற தாய்மாரால் நாடே வலுவிழந்தது என்று சீர்திருத்தவாதிகள் எழுதினர். நாட்டின் வெட்கம் பெண்களின் பாதங்களில் ஏற்றப்பட்டது.

ஷான்சி மாநிலத்தை ஆண்ட யான் சீஷான் 1917 முதல் இவ்வழக்கத்தை ஒழிக்கக் கடும் நடவடிக்கை எடுத்தார். கண்காணிப்பாளர்கள் வீடு வீடாகச் சென்று சோதித்தனர், அபராதம் விதித்தனர். சோதனைக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும் கட்டை அவிழ்த்து, போனதும் மீண்டும் கட்டிக்கொள்வது பல ஊர்களில் நடந்தது. எலும்பு முற்றிய பாதத்தின் கட்டை அவிழ்ப்பதும் எளிதன்று. பட்டையின் தாங்கல் இல்லாமல் அப்பாதம் வீங்கி வலிக்கும், நடக்கவும் இயலாது. கட்டும்போது ஒரு முறையும் அவிழ்க்கும்போது மறுமுறையுமாக ஒரே பெண் இருமுறை வலியைத் தாங்கினாள். இரு முறையும் அவளைக் கேட்டு எதுவும் நடக்கவில்லை.

குடும்ப வாழ்விலும் இதன் தாக்கம் இருந்தது. நவீன சீன இலக்கியத்தின் முன்னோடியான லு சுன், 1906-இல் தாயின் ஏற்பாட்டுக்கு இணங்கிச் சூ ஆன் (1878–1947) என்ற பெண்ணை மணந்தார். கட்டை அவிழ்த்துப் பள்ளிக்குச் செல்லுமாறு அவர் முன்னரே கேட்டிருந்தார். மரபில் வளர்ந்த அக்குடும்பத்தில் அது நடக்கவில்லை. மணமகனுக்குச் சிறுபாதம் பிடிக்காது என்பதை அறிந்து, மணநாளன்று சூ ஆன் பெரிய காலணியை அணிந்து வந்தார் என்றும், பல்லக்கிலிருந்து இறங்கும்போது அது கழன்று விழுந்தது என்றும் சொல்லப்படுகிறது. கணவன் மனைவியாக இருவரும் வாழவில்லை. 1927 முதல் லு சுன் ஷாங்காயில் சூ குவாங்பிங் என்ற படித்த பெண்ணோடு வாழ்ந்தார். சூ ஆன் பெய்ஜிங்கில் தங்கி, மாமியாரை அவர் 1943-இல் இறக்கும்வரை கவனித்துக்கொண்டார். பெண்களின் துன்பத்தை உருக்கமாக எழுதிய ஓர் எழுத்தாளரின் வீட்டிலேயே அத்தகைய துன்பம் ஒன்று அமைதியாக நிகழ்ந்தது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. சீர்திருத்தவாதியும் தத்துவ அறிஞருமான ஹு ஷி (1891–1962) கால் கட்டும் வழக்கத்தை வெளிப்படையாக எதிர்த்தவர். எனினும் குடும்பம் நிச்சயித்த, கால் கட்டிய ஜியாங் தோங்சியூவை 1917-இல் மணந்து, கடைசிவரை அவரோடு வாழ்ந்தார்.

வழக்கம் மறைந்த வேகம்

பெய்ஜிங்குக்குத் தெற்கே உள்ள டிங்சியான் பகுதியில் அமெரிக்கச் சமூக ஆய்வாளர் சிட்னி கேம்பிள் சேகரித்த தரவுகள் இவ்வழக்கம் மறைந்த வேகத்தைக் காட்டுகின்றன. 1890-க்கு முன் பிறந்த பெண்களில் 99 விழுக்காட்டினருக்கு மேல் கால் கட்டியிருந்தனர். 1919-க்குப் பின் பிறந்தவர்களில் ஒருவர்கூடக் கட்டவில்லை. ஒரே வீட்டில் பாட்டியும் தாயும் கட்டிய காலோடும் மகள் இயல்பான காலோடும் வாழ்ந்த காலம் அது. எனினும் மாற்றம் நாடெங்கும் ஒரே நேரத்தில் நிகழவில்லை. நகரங்களுக்குத் தொலைவில் இருந்த மலைப்பகுதிகளில் 1930-களிலும் அதற்குப் பின்னரும் சிறுமிகளுக்குக் கால் கட்டப்பட்டது.

எஞ்சியவர்கள்

1997-இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு பெய்ஜிங்கில் 70 வயதைக் கடந்த 193 பெண்களைப் பரிசோதித்தது. 80 வயதுக்கு மேற்பட்டோரில் 38 விழுக்காட்டினருக்கும், 70 முதல் 79 வயதுக்குட்பட்டோரில் 18 விழுக்காட்டினருக்கும் கால் கட்டியதால் ஏற்பட்ட குறைபாடு இருந்தது. அத்தகைய பெண்கள் மற்றவரைவிட அதிகமாகக் கீழே விழுந்திருந்தனர். குந்தி உட்காரவும், நாற்காலியிலிருந்து துணையின்றி எழவும் அவர்களால் எளிதில் இயலவில்லை. இடுப்பு, முதுகெலும்பு ஆகியவற்றின் எலும்படர்த்தியும் குறைந்திருந்தது. 6 வயதில் கட்டிய கட்டு 80 வயதிலும் உடலில் எஞ்சியிருந்தது.

கட்டிய பாதங்களுக்கான காலணிகளை 1990-களில் தயாரித்து வந்த ஹார்பின் நகரத் தொழிற்சாலை ஒன்று, வாங்குவோர் அருகியதால் அப்பத்தாண்டின் இறுதியில் தயாரிப்பை நிறுத்தியது. ஜோ ஃபாரெல் என்ற ஒளிப்படக் கலைஞர் 2005 முதல் எஞ்சிய முதிய பெண்களைத் தேடிச் சென்று படமெடுத்தார். அவர் சந்தித்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து உழைப்பாளிகள். அந்தக் கால்களோடு வயலில் பாடுபட்டுப் பிள்ளைகளை வளர்த்தவர்கள்.

மதிப்பீடு

கால் கட்டும் வழக்கத்தை ஆண்களின் கொடுமை என்றோ பெண்களின் அறியாமை என்றோ ஒரே சொல்லில் அடக்கிவிட இயலாது. அளவை விரும்பியவர்கள் ஆண்கள். அதை நிறைவேற்றியவர்கள் தாய்மார். தவறினால் பழித்தவர்கள் ஊரார். பயன் கண்டது குடும்பப் பொருளாதாரம். மகளுக்கு நல்வாழ்வு அமைய வேண்டும் என்ற அன்பே அவளுடைய பாதத்தை முறித்த கையாகவும் இருந்தது. அன்பும் அச்சமும் கலந்த இத்தகைய வழக்கத்தை ஆணையால் மட்டும் மாற்ற முடியாது என்பதை 1664-ஆம் ஆண்டுத் தடையின் தோல்வியும், குடும்பங்கள் கூடி உறுதியேற்றால் விரைவில் மாற்ற முடியும் என்பதை சங்கங்களின் வெற்றியும் காட்டின. மாற்றத்தின் பெயரால் முந்தைய தலைமுறைப் பெண்களை வெட்கப்படுத்தியது மற்றொரு தவறு என்பதைச் சூ ஆன் போன்றோரின் வாழ்க்கை நினைவூட்டுகிறது.